பூவரசு இலையில் ஊற்றிய சாக்லேட்

என் வயதுக்காரர்களைத்தான் கேட்கிறேன். நமக்கென்று செய்த ஒரு மாத்திரையை நாம் சிறுவயதில் பார்த்திருக்கிறோமா? பெரியவர்களுக்குச் செய்ததை உடைத்துத் தருவார்கள். பாதி, கால், அரைக்கால். உடைக்கும்போது தெறித்து அடுப்படியில் விழுந்த துண்டைத் தேடி எடுத்து, ஊதி, அதையும் சேர்த்து இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நசுக்குவார்கள். கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் தண்ணீர். மூக்கைப் பிடித்தால் வாய் தானாகத் திறக்கும். எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு பாவாடையில் வழிந்தது என்று யாரும் பார்க்கமாட்டார்கள். பெரியவர்கள் "போயிடுச்சு" என்றால் போய்விட்டது, அவ்வளவுதான்.

நான் பல வருஷமாக ஒரு அரசு ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை பார்க்கிறேன். சீக்கிரமே ஓய்வு. இந்த வேலைக்கு ஏன் வந்தாய் என்று கேட்டவர்களிடம் ஏதேதோ சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு ஆனி மாதத்தில் நான் தின்ற சாக்லேட்டைப் பற்றிச் சொன்னதில்லை. சொல்லாமல் ஓய்வு பெற மனம் வரவில்லை.

அப்போது எங்கள் வீடு நீடாமங்கலத்தில். ஸ்டேஷன் ரோட்டில் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, வாடகை சைக்கிள் கடை. கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் பூவரச மரம், அதற்கும் பின்னால் ஒரு வாய்க்கால். அந்த வருஷம் மேட்டூர் திறந்து வெண்ணாற்றில் தண்ணீர் வந்த வாரமே நோன்புப் பிறையும் தெரிந்தது. குறுவைக்கு நாற்று விடுகிறவர்கள் விடியும் முன்பே வாய்க்கால் ஓரம் பேசிக்கொண்டு போவார்கள். நாங்கள் சஹர் சோற்றை முடித்துக் கை கழுவிக்கொண்டிருப்போம். புதுத் தண்ணீரின் சேற்று வாசம் அடுப்படிவரை வரும்.

எனக்கு ஒன்பது வயது. தங்கைக்கு ஐந்து. அவளுக்குச் சாயங்காலமானால் காய்ச்சல், கழுத்தில் நெறிக்கட்டி, விடாத இருமல். சட்டை போட்டால் ஆணியில் மாட்டியது மாதிரி தொங்கும். தஞ்சாவூரில் ஒரு டாக்டரம்மா பார்த்துவிட்டு "பிரைமரி காம்ப்ளெக்ஸ்" என்றார். உங்களுக்கும் அந்தப் பெயர் நினைவிருக்கும். அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒரு பிள்ளைக்கு அது இருந்தது. காசநோயின் பிள்ளைப் பருவம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். டாக்டரம்மா அத்தாவிடம் மட்டும் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"தினமும் காலையில வெறும் வயித்துல குடுக்கணும். ஒரு நாள் விடக்கூடாது. விட்டா மூளைக்கு ஏறிடும், அப்புறம் என் கையில இல்ல."

அத்தா வீட்டுக்கு வந்து அதை அப்படியே அம்மாவிடம் சொன்னதை நான் கதவோரம் நின்று கேட்டேன். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவே முடியாது.

அந்த மருந்து சிவப்புக் கேப்ஸ்யூலுக்குள் வரும் தூள். பெரிய ஆளுக்கான அளவு. மருந்துக்கடை அண்ணன் கேப்ஸ்யூலைப் பிரித்து, செங்கல் நிறத் தூளை வழவழப்புக் காகிதத்தில் கொட்டி, கத்தி நுனியால் மூன்றாகப் பிரித்து மடித்துத் தருவார். "கண்ணளவுதான் பாய், அப்படி இப்படித்தான் இருக்கும்" என்பார். தொட்டால் விரல் ரெண்டு நாளைக்குச் சிவந்திருக்கும். கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு. தேன், வெல்லம், வாழைப்பழம், ரோஸ் சர்பத் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. தங்கை எல்லாவற்றையும் கண்டுபிடித்துத் துப்பினாள். ஒரு நாள் அத்தா கையைப் பிடித்துக்கொள்ள, பெரியம்மா மூக்கைப் பிடிக்க, அம்மா ஊற்றினாள். தூள் மூச்சுக்குழலில் ஏறிவிட்டது. தங்கையின் உதடு நீலமாகி, கண் மேலே சொருகி, தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டிய பிறகுதான் அழுகை வந்தது. அம்மா அன்று முழுக்க அவளை மடியிலிருந்து இறக்கவில்லை. "இனிமே நான் பலவந்தம் பண்ணமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் துபாயிலிருந்து மாமா அனுப்பிய பெட்டி வந்தது. அம்மாவின் தம்பி. மற்ற வீட்டு மாமாக்கள் பளபளக்கிற காகிதம் சுற்றிய சாக்லேட் அனுப்புவார்கள்; எங்கள் மாமா வேலை பார்த்தது பேக்கரியில். அவர் அனுப்பியது கேக்குக்கு உருக்குகிற பெரிய கறுப்புக் கட்டி. சோப்புக் கட்டி மாதிரி கனம். காகிதத்தைப் பிரித்து ஒரு மூலையைக் கடித்த நான் ஏமாந்து போனேன். அதில் பாதி இனிப்புதான் இருந்தது.

பின்னால் படிப்பில் தெரிந்துகொண்டேன், அந்தக் கசப்புதான் அதன் சொந்தக் குணம். முதன்முதலில் மெக்சிகோ பக்கத்து மக்கள் அந்தக் கொட்டையை வறுத்து அரைத்து, சர்க்கரையே இல்லாமல், சில சமயம் மிளகாயும் போட்டுக் குடித்தார்களாம். கடல் தாண்டி ஐரோப்பாவுக்குப் போனபோது அதை மருந்தாக எண்ணினவர்கள் நிறைய. வயிற்றுக்கு, மெலிவுக்கு, மனச் சோர்வுக்கு என்று வைத்தியர்கள் எழுதிக் கொடுக்க, மருந்துக்கடையில் விற்றிருக்கிறார்கள். அப்புறம் அந்தக் கடைக்காரர்கள், கசப்பு மருந்தை உள்ளே வைத்து மூட இதைவிட நல்ல போர்வை இல்லை என்று கண்டுபிடித்தார்கள். சர்க்கரையும் பாலும் சேரச் சேர, உள்ளே இருந்த மருந்து போய் மிட்டாய் மட்டும் மிஞ்சியது. இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கட்டியைப் பார்த்ததும் அவளுக்கும் அதே யோசனைதான் வந்தது.

கொதிக்கிற தண்ணீர் மேல் கிண்ணத்தை வைத்துக் கட்டியை உருக்குவாள். சர்க்கரைத் தூளைப் போடுவாள். பொட்டலத்தைப் பிரித்துச் செந்தூளைக் கொட்டிக் குழைத்தால், கறுப்பில் அந்தச் சிவப்பு இருந்த இடம் தெரியாது. கொல்லைப் பூவரசிலிருந்து இலை பறித்துக் கழுவித் துடைத்து, அதன் பின்பக்கத்தில் ஊற்றி, தண்ணீர்ப் பானையின் அடியில் ஈரமணலில் வைப்பாள். காலையில் இலையை உரித்தால் சாக்லேட்டில் இலையின் நரம்பெல்லாம் பதிந்திருக்கும். அதைவிட அழகான மிட்டாயை நான் இன்றுவரை எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

அதை அம்மா ருசி பார்க்கவில்லை. அவளுக்கு நோன்பு. முந்தின நாள் பகலிலேயே செய்து வைத்துவிடுவாள். சமைக்கிறவர்கள் நாக்கு நுனியில் வைத்துத் துப்பலாம் என்று சொல்வார்கள். அம்மா அதற்கும் துணியமாட்டாள். கஞ்சிக்கு உப்பையே கண்ணால் பார்த்துப் போடுகிறவள். நோன்பு திறந்த பிறகு பார்த்திருக்கலாம். அப்போது கஞ்சி, தொழுகை, சாப்பாடு என்று ஓடிவிடும். வீட்டில் அத்தனை பேருக்கும் நோன்பு. உள்ளே இன்னும் எவ்வளவு கசக்கிறது என்று தெரிந்த ஒரே வாய் ஐந்து வயசு வாய்.

ஒரே வாய் என்றேன். முதல் நாலு நாளைக்குத்தான் அது சரி.

அந்த வருஷம்தான் எனக்கு முதல் முழு நோன்பு. எங்கள் பக்கத்தில் நோன்புக்குக்கூடப் பிள்ளைகள் அளவு ஒன்று உண்டு. மதியம்வரை பசி தாங்கினால் அரை நோன்பு என்று தட்டிக்கொடுத்துச் சோறு போட்டுவிடுவார்கள். நான்தான் பிடிவாதம் பிடித்து முழு நோன்பு வைத்தேன். முதல் நாள் திறந்தபோது கழுத்தில் மல்லிகைச் சரம் போட்டார்கள். பக்கத்து வீடுகளிலிருந்து வட்டிலப்பம் வந்தது. அத்தா கடைக்கு வருகிற எல்லாரிடமும், பஞ்சர் ஒட்ட வருகிற குடியானவர்களிடம்கூட, "எம் மவ நோன்பு வச்சிருக்கு, ஒம்பது வயசுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்பதற்காகவே நான் கடைப்பக்கம் போவேன்.

அதனால்தான் அம்மா என்னை நம்பினாள். காலையில் அவளுக்கு மாட்டு வேலை, தண்ணீர் வேலை. சாக்லேட்டை என் கையில் கொடுத்து, "நோன்பாளி கையில குடுக்கிறேன், பார்த்துத் தின்ன வைடி" என்பாள். வேறு யாரிடம் கொடுத்திருந்தாலும் ஒரு துண்டு குறையும் என்று அவளுக்குத் தெரியும். நோன்பு வைத்த பிள்ளை தின்னாது.

ஐந்தாம் நாள் தங்கை ஒரு ஓரத்தை மட்டும் நக்கிவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"உள்ள கசக்குது. நீ தின்னுடு லாத்தா."

"எனக்கு நோன்பு."

"நான் அம்மாட்ட சொல்லமாட்டேன். அல்லா மேல சத்தியமா."

ஐந்து வயசுப் பிள்ளை, சத்தியம் செய்கிறது. எனக்கு அப்போது பசிகூட இல்லை. சஹர் சோறு வயிற்றிலேயே இருந்தது. விரல் சூட்டில் அது உருக ஆரம்பித்துவிட்டது. அந்த மணம். நக்கினேன். பிறகு தின்றேன். நடுவில் கசந்தது, கசப்புக்குப் பின்னால் மறுபடி இனித்தது. அம்மா வந்து கேட்டபோது "தின்னுட்டா" என்றேன். வாயைத் துடைத்துக்கொண்டு ஓதப் போனேன்.

ஒரு நாள்தானே என்று நினைத்தேன். மறுநாளும் ஒரு நாள்தானே என்றே நினைத்தேன். தங்கைக்கும் எனக்கும் அது ஒரு ஏற்பாடாகவே ஆகிவிட்டது. அவள் ஓரத்தை நக்குவாள், மீதி என்னுடையது. டாக்டரம்மா சொன்னது எனக்கு மறக்கவில்லை. தங்கை ஓடிக்கொண்டுதானே இருக்கிறாள், மூளைக்கு ஏறினால் தெரியாதா என்று எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்தேன்.

பிறகு ஒரு நாள் குளியலறையின் சிமெண்டுத் தரையில் பார்த்தேன். என் சிறுநீர் ஆரஞ்சு நிறம். செங்காவிபோல் வழிந்தது. நோன்பை முறித்துவிட்டு முறிக்காதவள்போல் நடித்ததற்கு அல்லா என்னை உள்ளேயிருந்து சிவப்பாக்குகிறான் என்று முடிவு செய்தேன். தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவினேன். ரெண்டு நாள் மறைத்தேன், மூன்றாம் நாள் அம்மா பார்த்துவிட்டாள்.

"நோன்புச் சூடு" என்றாள். நோன்பு திறக்கும்போது எனக்கு மட்டும் சப்ஜா விதை போட்ட சர்பத்தும் இளநீரும் கிடைத்தன. நிறம் மாறவில்லை. பெரியம்மா வந்து என் நகத்தை அமுக்கிப் பார்த்து, "காமாலைதான், சந்தேகமே இல்ல" என்று தீர்ப்புச் சொன்னாள். நோன்பை நிறுத்தினார்கள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார்கள். சோற்றில் உப்பு இல்லை, மீன் இல்லை, எண்ணெய் இல்லை. பாதி நோன்பில் நின்றுபோனதற்கு நான் அழுதேன் என்று தெருவே என்னைப் பாராட்டியது. அம்மா, பழக்கத்தில், காலைச் சாக்லேட்டை என் கையிலேயே கொடுத்துக்கொண்டிருந்தாள். உப்பில்லாச் சோறு தின்கிற வாய்க்கு அது இன்னும் இனித்தது. நோன்பை விட்டேன், அதை விடவில்லை.

தங்கை படுத்துவிட்டாள். காய்ச்சல் பகலிலும் இறங்கவில்லை. வெளிச்சத்தைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டாள், கழுத்தைத் திருப்பினால் கத்தினாள். "மருந்து கேக்கலியே, இத்தன நாளு குடுத்தும் கேக்கலியே" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. மறுநாள் பாசஞ்சரில் ரெண்டு பேரையும் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனார்கள். போகிற வழியில் மூத்தவளின் காமாலையையும் காட்டிவிடலாம் என்று.

டாக்டரம்மா தங்கையை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். "வெள்ளையாத்தான் இருக்கு. யாரு காமாலைன்னு சொன்னா?" என்றார். அம்மா நிறத்தைச் சொன்னாள். டாக்டரம்மா அலமாரியைத் திறந்தார். ரெண்டு காலி மருந்துக் குப்பிகளைக் கொடுத்து, ரெண்டு பிள்ளைகளின் சிறுநீரையும் பிடித்து வரச் சொன்னார்.

மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தங்கையுடையது இளநீர்போல. என்னுடையது கடையில் விற்கிற ஆரஞ்சுக் கலர்போல.

"இந்த மருந்து சாப்பிட்டா ஒண்ணுக்கு இந்த நிறமாத்தான் போவும். யாரும் உங்ககிட்ட சொல்லலையா?"

"இல்லீங்க டாக்டரம்மா."

"நானும் சொல்லல. என் தப்புதான்" என்று அவர் தன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அப்புறம் கேட்டார். "நீங்க எந்தப் பிள்ளைக்கு மருந்து குடுத்தீங்க?"

அம்மாவுக்குப் புரியவில்லை. அத்தாவுக்குப் புரிந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. டாக்டரம்மாவைப் பார்த்து, கடையில் எல்லாரிடமும் சொல்கிற அதே பெருமைக் குரலில் சொன்னார்.

"இது நோன்பு வச்ச புள்ளைங்க. நாங்க நிப்பாட்டுற வரைக்கும் வாயில பச்சத் தண்ணி படல. குப்பி மாறியிருக்கும், பாருங்க."

அந்த நிமிஷம் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. அத்தா அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மின்விசிறி சுற்றுகிறது. தங்கை அம்மா தோளில் முனகுகிறாள். குப்பி மாறிவிட்டது என்று நானும் தலையாட்டியிருந்தால் அவர்கள் நம்பியிருப்பார்கள்.

"மாறல அத்தா" என்றேன். "நான்தான் தின்னேன்."

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. தங்கையை அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். பிழைப்பாளா என்று அம்மா கேட்க, பார்க்கலாம் என்றார்கள். பிழைத்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் ரெண்டு மாசம் தினமும் ஊசி போட வேண்டியிருந்தது. அதுவும் பெரிய ஆளுக்கான குப்பிதான்; அதைப் போட்டவரும் கண்ணளவில்தான் பிரித்தார். மழைக்காலம் தொடங்கியபோது, இடது பக்கம் நின்று கூப்பிட்டால் தங்கை திரும்பவில்லை என்பதை அம்மா கவனித்தாள். அந்தக் காது திரும்பி வரவே இல்லை. ஊசியின் அளவா, நோயா, நான் தின்ற சாக்லேட்டா? மருந்து படித்த பிறகு இதை எத்தனையோ முறை பிரித்துப் பார்த்திருக்கிறேன். எந்த வழியில் போனாலும் கடைசியில் என் கைக்குத்தான் வந்து நிற்கிறது.

பெருநாள் கழிந்து, தங்கை வீட்டுக்கு வந்த பிறகு, அம்மா முதல் தடவையாக அந்தச் சாக்லேட்டை வாயில் போட்டாள். மென்றாள். நின்றாள். சுவரோரம் உட்கார்ந்து, "இதையா எம் புள்ள வாயில தெனமும் வச்சேன்" என்று அழுதாள். அதன் பிறகு ருசி பார்த்துப் பார்த்து, சர்க்கரையைக் கூட்டி, ஏலக்காய் தட்டிப் போட்டு, ஒரு கல் உப்புச் சேர்த்து, கசப்பு கடைசியில் மட்டும் தட்டுகிற மாதிரி கொண்டுவந்துவிட்டாள். காலையில் கொல்லையிலிருந்து தங்கையின் சத்தம் கேட்கும். "அம்மா, செவப்பு!" கடையில் அத்தா காற்றடிப்பதை நிறுத்திவிட்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்பார்.

கடைக்கு வந்த யாரோ ஒருவர், "மவ எத்தன நோன்பு பாய் வச்சுது?" என்று கேட்டபோது அத்தா என் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "அரை நோன்புதான். சின்னப் புள்ளதானே." அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பெரியவள் ஆனபின் ஒவ்வொரு வருஷமும் பெருநாளுக்குப் பிறகு நான் தனியாகச் சில நோன்புகள் வைக்கிறேன். பழைய பாக்கி என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். எந்தப் பாக்கி என்று யாரும் கேட்கவில்லை.

தங்கை இப்போது நாகப்பட்டினத்தில் இருக்கிறாள். மகள் வயிற்றுப் பேத்திக்கு அதே நோய் வந்து, போன மாதம் என் ஆஸ்பத்திரிக்கே கூட்டி வந்தாள். இந்தத் தடவை நான் கொடுத்தது பிள்ளைகளுக்கென்றே அளந்து செய்த மாத்திரை. உடைக்க வேண்டாம், நசுக்க வேண்டாம். டம்ளர் தண்ணீரில் போட்டால் தானே கரைந்து பழவாசனை அடிக்கிறது. எல்லா நோய்க்கும் இப்படி வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இன்றும் என் சன்னலில் தாய்மார்களுக்குக் கால் மாத்திரை, அரைக்கால் மாத்திரை என்று சொல்லி அனுப்பவேண்டியிருக்கிறது. உறைக்கிற மாதிரி சொல்லித்தான் அனுப்புகிறேன். குடுத்துட்டு அஞ்சு நிமிஷம் பக்கத்துல இருங்க, வேற யாருகிட்டயும் குடுக்கச் சொல்லாதீங்க, நிறம் மாறும், பயப்படாதீங்க. வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள்.

பேத்தி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னும் இருக்கா என்று கேட்டது. தங்கை டம்ளரை வாங்கினாள். அடியில் ஒட்டியிருந்த ஒரு சொட்டை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். பிறகு சிரித்தாள்.

"இது அப்ப இருந்திருந்தா நீ முப்பது நோன்பும் முழுசா வச்சிருப்பே லாத்தா."

அவளுக்கு அத்தனையும் நினைவிருக்கிறது. சத்தியம் செய்தது உட்பட. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அதை என்னிடம் சொல்லிக் காட்டியதில்லை.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் திரும்பவில்லை, பேத்தியின் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் கவனித்தேன், நான் அவளுடைய இடது பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய், மறுபடி சொன்னேன்.